மேட்டில் பெரணி, சரிவில் கிக்குயு, பள்ளத்தில் கோரை: மேய்ச்சல் நிலத்துக்குச் சுண்ணாம்பு போடலாமா?

கறவைமாடு_குந்தா

எல்லோருக்கும் வணக்கம். நீலகிரியில் குந்தா பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பட்டா நிலம் இருக்கிறது. தாத்தா காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட இடம். ஆள் கிடைக்காமல் விவசாயத்தை விட்டுவிட்டோம், இப்போது மாடு மேய மட்டும்தான். மேலே மேடு, நடுவில் சரிவு, கீழே ஓடையை ஒட்டி ஒரு பள்ளம். மேட்டில் பெரணி வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறது. நடுச்சரிவில் கிக்குயு புல், இடையிடையே வெள்ளைக் கிளோவர் என்ற மூவிலைச் செடி. அவிழ்த்து விட்டால் மாடுகள் நேராக அங்கேதான் போகும். பள்ளத்தில் கோரையும் பாசியும். மழைக்காலத்தில் மாட்டின் கால் முழங்கால் வரை இறங்குகிறது.

மண் பரிசோதனைக்கு எடுத்தவர் மூன்று இடத்து மண்ணையும் ஒரே வாளியில் கலந்து ஒரே பொட்டலமாக அனுப்பிவிட்டார். பி.எச். (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 4.8 என்று அட்டை வந்திருக்கிறது. "அமிலம் அதிகம், டோலமைட் இடவும்" என்று கீழே ஒரு வரி. டோலமைட் என்றால் மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். முழு நிலத்துக்கும் போட எங்களால் முடியாது. அப்படியே போட்டாலும் பெரணியும் கோரையும் போய் நல்ல புல் வருமா?

கேத்தி_காய்கறி

போடுங்கள் தம்பி. இந்த மலையில் டோலமைட் இல்லாமல் எதுவும் உருப்படாது. கேரட்டோ பீட்ரூட்டோ எதுவானாலும் பாத்தி கட்டும் முன்பே நாங்கள் போட்டுவிடுவோம். போடாத வருஷம் முட்டைக்கோஸில் வேர் வீங்கி, வெயில் பட்டவுடன் செடி துவண்டுவிடும். கோரையும் பெரணியும் அமில மண்ணுக்கு அடையாளம். அமிலத்தை எடுத்தால் அதுவும் போய்விடும்.

மண்ணியல்_கோவை

அண்ணா, முட்டைக்கோஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அந்த வேர்வீக்க நோய்க்கிருமிக்கு அமில மண் பிடிக்கும், சுண்ணாம்பு அதை அடக்கும். ஆனால் பெரணியையும் கோரையையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிரான மண்ணைக் காட்டுகின்றன.

முதலில் அமிலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குந்தா மலை தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிற பக்கம். பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இத்தனை தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் எல்லாவற்றையும் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடுகிறது. அவை இருந்த இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்காருகின்றன. இது இயற்கையாக நடப்பது. பி.எச். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைய ஆரம்பிக்கும். 5-க்குக் கீழே வேகம் கூடும். கரைந்த அலுமினியம் வேர் நுனியைத் தடித்துக் குட்டையாக்கிவிடும். பாஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடாது.

இன்னொன்று, நீலகிரி மேட்டு நிலத்தின் கறுப்பு மேல்மண் சாதாரண மண் இல்லை. பிரெஞ்சு மண்ணியலாளர்கள் இதை ஆராய்ந்து, எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு உரிய குணங்கள் பல இதில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எரிமலை எதுவும் கிடையாது. மக்கிய பொருளும் அலுமினியமும் பிணைந்து கிடப்பதால்தான் மண் அப்படி லேசாகவும் பொலபொலவென்றும் இருக்கிறது. அலுமினியத்தில் ஒரு பகுதியை மக்கு கட்டி வைத்திருப்பதால், 4.8 என்ற எண் பயமுறுத்தும் அளவுக்கு வேர் பாதிக்கப்படாமலும் இருக்கலாம். அதே மக்குதான் சுண்ணாம்பையும் விழுங்கும். சமவெளியின் மணற்பாங்கான மண்ணில் பி.எச்.-ஐ ஒரு அலகு உயர்த்தப் போதுமான சுண்ணாம்பு இங்கே எந்த மூலைக்கும் காணாது.

இது அமிலத்தின் கதை. காற்றின் கதை வேறு. தண்ணீர் நிரம்பிய மண்ணில் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்று இருக்கும் மண்ணில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. துளைகள் எல்லாம் தண்ணீரால் அடைபட்டால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். அதற்கப்புறம் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் பிடிக்கும், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, கடைசியில் சல்பேட். இந்த மாற்றங்கள் ஹைட்ரஜன் அயனிகளைச் செலவழிக்கும். அதனால் அமில மண்ணில் தண்ணீர் தேங்கினால் பி.எச். பெரும்பாலும் ஏறும். உங்கள் பள்ளத்து மண் ஈரத்தோடு அளந்தால் மேட்டு மண்ணைவிட அமிலம் குறைவாகக் காட்டலாம்.

அங்கே புல்லைக் கொல்வது மூச்சுத் திணறல். கோரை எப்படிப் பிழைக்கிறது என்றால், அதன் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றறைகள் இருக்கின்றன. மேலிருந்து ஆக்சிஜனைத் தானே கீழே கொண்டுபோகிறது. அந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பைக் கொட்டினாலும் கோரை அப்படியேதான் நிற்கும்.

பெரணியின் கிழங்குத்தண்டு அடி ஆழத்தில் ஓடும். அதற்கு அமிலம் பொருட்டே இல்லை, ஆனால் காற்றில்லாத மண் ஆகாது. பெரணி நிற்கிற இடத்தில் மண் ஆழமாகவும் வடிகாலோடும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முடிந்தால் மூன்று இடத்திலும் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்து என்ன நிறம், என்ன வாடை என்று எழுதுங்கள்.

கறவைமாடு_குந்தா

வெட்டிப் பார்த்தேன் அக்கா.

மேடு: ஒரு முழம் வரை கறுப்பு மண், கையில் எடுத்தால் உதிர்கிறது. அதற்குக் கீழே மஞ்சள் கலந்த சிவப்பு. பெரணியின் கறுப்புத் தண்டுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. மேலே பெரணிச் சருகு மெத்தை மாதிரி மக்காமல் கிடக்கிறது. மண்புழு கண்ணில் படவில்லை.

சரிவு: பழுப்புக் கறுப்பு. மண்புழு இருக்கிறது. கிக்குயு வேர் அடர்த்தியாக இறங்கியிருக்கிறது.

பள்ளம்: மேலே கறுப்புச் சேறு, நார் நாராகப் பாதி மக்கிய வேர்கள். அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. அந்தச் சாம்பல் நிறத்துக்குள் பழைய வேர் போன தடங்களில் மட்டும் துருப்பிடித்த கோடுகள். வெட்டிய உடனே அழுகிய முட்டை வாடை. குழி கொஞ்ச நேரத்தில் தண்ணீரால் நிரம்பிவிட்டது.

மண்ணியல்_கோவை

இதைவிடத் தெளிவாக ஒரு ஆய்வுக்கூடமும் சொல்லாது.

சாம்பல் நிறம், இரும்பு தன் சிவப்பு வடிவத்தை இழந்து கரைந்துபோனதைக் காட்டுகிறது. துருக்கோடுகள் கோரை வேர் கொண்டுவந்த ஆக்சிஜன் பட்டு இரும்பு மறுபடியும் துருவாகப் படிந்த இடங்கள். அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. நான் மேலே சொன்ன வரிசையின் கடைசிப் படி வரை உங்கள் பள்ளம் போயிருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி அங்கே காற்றே கிடையாது.

மேட்டில் நிலைமை தலைகீழ். காற்று நன்றாக இருக்கிறது, சத்து அடித்துப்போய்விட்டது. சருகு மக்காமல் மெத்தையாகக் கிடப்பதும் மண்புழு இல்லாததும் அமிலத்தின் வேலை. பி.எச். 4.5-க்குக் கீழே பெரும்பாலான மண்புழு இனங்கள் தங்காது. புழு இல்லாவிட்டால் சருகை மண்ணுக்குள் இழுத்துப்போக ஆள் இல்லை. சருகு மேலேயே கிடந்து ஊறி, அதிலிருந்து வரும் கரிம அமிலங்கள் மண்ணை இன்னும் அமிலமாக்கும். நைட்ரேட் உண்டாக்கும் பாக்டீரியாக்களும் அங்கே மந்தமாகத்தான் வேலை செய்யும்.

நடுச்சரிவு ஏன் நன்றாக இருக்கிறது? மேட்டிலிருந்து கரைந்துபோன கால்சியமும் மெக்னீசியமும் மண்ணுக்குள்ளேயே கசிந்து அந்தச் சரிவு வழியாகத்தான் இறங்குகின்றன. தண்ணீர் அங்கே நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதால் காற்றும் இருக்கிறது. மாடும் அங்கேயே நின்று சாணம் போடுகிறது. மேட்டின் சத்து சரிவுக்கு வருகிறது, சரிவைத் தாண்டினால் பள்ளத்தில் தண்ணீர் நின்றுவிடுகிறது. தண்ணீர் போகும் வழியைத் தொடர்ந்தாலே மூன்று புல்லுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

இந்த மூன்றையும் கலந்து ஒரே எண்ணாகச் சொன்னால் அது எந்த இடத்துக்கும் பொருந்தாது. பி.எச். மடக்கை அளவு. 4.8-க்கும் 5.8-க்கும் பத்து மடங்கு வித்தியாசம். அதில் சராசரி எடுப்பதற்கு அர்த்தமே இல்லை.

கேத்தி_காய்கறி

அப்படியானால் பள்ளத்தில் நடுவே ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை ஓடையில் விட்டால் காற்று வந்துவிடுமே? எங்கள் ஊரில் சதுப்பு எல்லாம் அப்படித்தான் கேரட் வயலாச்சு. முதல் சில வருஷம் விளைச்சல் அள்ளிக்கொண்டு வந்தது.

சோலைப்புல்

தயவுசெய்து வாய்க்கால் வெட்டாதீர்கள். பல வருஷமாக நான் சீகை (வாட்டில்) மரம் அகற்றி மலைப்புல் நடும் வேலையில் இருக்கிறேன். இந்தச் சதுப்புகள் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தப் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு நார்ச்சேறு, காற்றில்லாததால் மக்காமல் தங்கிய செடிகள். நீலகிரியின் இப்படிப்பட்ட சதுப்பு மண்ணை அடுக்கடுக்காக எடுத்துத்தான் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களை வைத்து, சுமார் 20,000 வருஷத்துக்கு இந்த மலையில் புல் எப்போது பரவியது, மரம் எப்போது கூடியது என்று படித்தார்கள். காட்டை அழித்ததால் வந்ததுதான் இந்தப் புல்வெளி என்று நெடுநாள் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய பதில். பனியுகத்தின் உச்சத்திலேயே இங்கே புல் இருந்திருக்கிறது. காற்று புகுந்தால் இந்த ஏடு முழுக்க மக்கிக் காற்றோடு கலந்துவிடும்.

தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேயும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரியி என்ற புல்லும் சதுப்பில்தான் வளரும். நீலகிரிக்கே உரிய அரிய இனம். சதுப்புக்குச் சதுப்பு வாய்க்கால் வெட்டியும் கற்பூர (யூகலிப்டஸ்) மரம் வைத்தும் காயவைத்ததில் அந்தப் புல் எத்தனை இடத்தில் போயிற்று என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். கற்பூர மரம் தண்ணீரை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு உதகை மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அளந்த கணக்கே இருக்கிறது. நீர்ப்பிடிப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மரம் வைத்ததற்கே, முதல் தடவை மரம் வெட்டும் வரையான காலத்தில் ஓடைக்கு வரும் தண்ணீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது.

கேத்தி_காய்கறி

நானும் இந்த மலையில் பிறந்தவன்தான். எனக்கும் ஓடை வற்றுவது தெரியும். ஆனால் சொந்தமாகக் கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவனிடம் பள்ளத்தை அப்படியே விடு என்று சொன்னால் அவன் மாட்டுக்கு எதைப் போடுவான்? ஏடு படிப்பது ஆய்வாளருக்கு. மாடு படிக்காது.

மண்ணியல்_கோவை

அண்ணாவின் கேள்வி நியாயமானது. அதனால் விவசாயக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். வாய்க்கால் வெட்டினால் முதலில் நன்றாகத்தான் இருக்கும். இத்தனை காலம் மக்காமல் இருந்தது காற்றுப் பட்டவுடன் மக்கும், அதிலிருந்த நைட்ரஜன் வெளியே வரும். நீங்கள் அள்ளிய விளைச்சல் அதுதான். ஆனால் அந்த மண் மக்க மக்கத் தரை தாழும். தாழ்ந்த தரையில் தண்ணீர் மறுபடி நிற்கும், வாய்க்காலை இன்னும் ஆழமாக்க வேண்டியிருக்கும். தண்ணீர் தேங்கியபோது ஏறியிருந்த பி.எச்., காற்றுப் பட்டவுடன் திரும்ப இறங்கிவிடும். கரைந்த இரும்பு துருவாக மாறும்போது அமிலத்தை வெளியே விடும். சல்பைடும் சல்பேட்டாக மாறி அதோடு சேரும். அப்போது உங்களுக்குக் காற்றும் வேண்டும், சுண்ணாம்பும் வேண்டும். இப்போது இருக்கும் ஒரு பிரச்சினை இரண்டாகிவிடும். உங்கள் ஊர் கேரட் வயலுக்கு முதலில் போட்ட டோலமைட்டும் இப்போது போடுவதும் ஒன்றா?

கேத்தி_காய்கறி

இல்லை. கூடிக்கொண்டேதான் போகிறது. அது உண்மை.

வேல்ஸ்_வாசி

நான் வேலை நிமித்தம் பிரிட்டனில் வேல்ஸ் மலைப்பகுதியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தொடங்கி மலை உச்சி வரை ஆட்டு மேய்ச்சல்தான். மேலே கேட்ட அதே கேள்வியை இங்கே நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே வடிகால் நல்ல பழுப்பு மண்ணில் அக்ராஸ்டிஸ், ஃபெஸ்கியூ என்ற மெல்லிய புற்கள். ஆடு விரும்பித் தின்பது அவைதான். மேலே மக்காத கறுப்பு நார்மண் படிந்து அமிலமும் ஈரமும் கூடிய இடத்தில் நார்டஸ் என்ற கம்பிப் புல். ஆடு முகர்ந்துவிட்டுப் போய்விடும், மாடு வேறு வழியில்லாவிட்டால் தின்னும். ஆடு நல்ல புல்லை மட்டும் பொறுக்கித் தின்பதால் நார்டஸ் இன்னும் பரவுகிறது. ஈரம் இருந்தாலும் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தால் மோலினியா புல். தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டால் பஞ்சுக் கோரையும் ஸ்பேக்னம் பாசியும். இரண்டு இடத்திலும் ஈரம் ஒன்றுதான், ஆனால் நகரும் தண்ணீரில் கொஞ்சம் ஆக்சிஜனும் சத்தும் வருகிறது. நிற்கும் தண்ணீரில் இரண்டும் இல்லை. மேலே அக்கா சொன்ன "நடக்கும் தண்ணீர்" என்பதை இந்த மலையில் நான் கண்ணால் பார்க்கிறேன்.

வேல்ஸ் மக்களிடம் ஒரு பழமொழி உண்டு: பெரணிக்கு அடியில் தங்கம், கோர்ஸ் முட்புதருக்கு அடியில் வெள்ளி, ஹெதர் புதருக்கு அடியில் பஞ்சம். பெரணி வளரும் நிலம் ஆழமான, காற்றோட்டமுள்ள நிலம் என்பதை மண்ணியல் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கோர்ஸ் முட்செடியை வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கும் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்திருப்பீர்கள்.

சோலைப்புல்

பழமொழி நன்றாக இருக்கிறது, ஆனால் நீலகிரியில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே கோர்ஸ், ஸ்காட்ச் புரூம், சீகை மூன்றும் வந்தேறிகள். மூன்றும் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் குடும்பம். அந்த நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறிக் கரைந்துபோகும்போது மண்ணில் அமிலம் கூடும். நாங்கள் சீகையை வெட்டிய இடத்தில் மலைப்புல் தானாகத் திரும்பாது. முதலில் வருவது சீகைக் கன்றும் களையும்தான். கிரைசோபோகன், யூலாலியா, டிரைபோகன் போன்ற நம் மலைப்புற்கள் சத்துக் குறைந்த அமில மண்ணிலேயே வாழப் பழகியவை. அவற்றுக்கு அமிலம் நோய் இல்லை. அந்தப் புல்வெளியில் சுண்ணாம்பும் உரமும் போட்டால், அதைப் பிடித்துக்கொண்டு கிக்குயு உள்ளே வந்து மற்றதை மூடிவிடும். கிழக்கு ஆப்பிரிக்கப் புல் அது. சத்தான மண்ணில் அதோடு போட்டிபோட நம் புல்லால் முடியாது.

தம்பியின் மேட்டில் பெரணிக்கு நடுவே கொத்துக் கொத்தாக, பூக்காம்பு செம்பழுப்பாக நிற்கும் மலைப்புல் இருந்தால், அந்தத் துண்டையாவது சுண்ணாம்பு படாமல் விடச் சொல்லுங்கள்.

கறவைமாடு_குந்தா

அண்ணா, மேட்டின் மேற்கு ஓரத்தில் பாறையை ஒட்டி அப்படி ஒரு திட்டு இருக்கிறது. மாடு இளசாக இருக்கும்போது மட்டும் கடிக்கும். பனி விழுந்தபிறகு தொடாது. அதை விட்டுவிடுகிறேன்.

கால்நடை_மருத்துவர்

மண் விஷயத்தில் மற்றவர்கள் சொல்லட்டும். இந்த நிலத்தில் மாட்டுக்கு இரண்டு ஆபத்து தெரிகிறது.

ஒன்று பெரணி. பசி இருக்கும் மாடு, முக்கியமாக நல்ல புல் காய்ந்துபோகும் டிசம்பர், ஜனவரிப் பனிக்காலத்தில், பெரணியின் இளங்குருத்தைத் தின்னும். அதில் உள்ள டாக்விலோசைடு என்ற நஞ்சு உடலில் சேரச் சேரச் சிறுநீர்ப்பையில் கட்டி வரும். சிறுநீர் சிவப்பாகப் போகும். மலைப்பகுதி மாடுகளில் இது தெரிந்த நோய், முற்றிவிட்டால் மருந்து கிடையாது. பாலிலும் அந்த நஞ்சு கொஞ்சம் இறங்கும். பெரணி அடர்ந்த மேட்டில் பனிக்காலத்தில் மாட்டை விடாதீர்கள்.

இரண்டாவது அந்தப் பள்ளம். கல்லீரல் தட்டைப்புழுவின் வாழ்க்கையில் பாதி நன்னீர் நத்தைக்குள் நடக்கிறது. ஈரச்சேறு, குளம்புக் குழியில் நிற்கும் தண்ணீர், அதன் ஓரத்துப் புல், இவைதான் அதற்கு வேண்டும். அந்த நத்தைக்கு ஓடு கட்டக் கால்சியம் தேவை. மிகவும் அமிலமான சேற்றில் அது குறைவாக இருக்கும். பள்ளத்தில் சுண்ணாம்பு போட்டு, மாட்டையும் விட்டால், கோரையும் போகாது, நத்தைக்கு மட்டும் நல்லது செய்ததாகும். பால் குறைந்து, தாடைக்கடியில் நீர் கோத்து, மாடு மெலிந்தால் சாணத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். என்னைக் கேட்டால் பள்ளத்துக்கு வேலி போடுங்கள். தண்ணீருக்கு ஓடையில் கெட்டியான கரை உள்ள ஒரு இடத்தை மட்டும் திறந்துவிடுங்கள், அல்லது தொட்டி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிச் சத்து அடித்துப்போன மலையில் புல்லில் சோடியம் குறைவு. தோடர்கள் எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் கொடுப்பதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய மேய்ச்சல் அறிவில் அது எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். உங்கள் மாடுகள் மண்ணை நக்கினால், ஒன்றன் மூத்திரத்தை ஒன்று நக்கினால், தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள். சுண்ணாம்பைவிட விலை குறைவு.

கேத்தி_காய்கறி

பள்ளத்துக்கு வேலி போடச் சொல்ல டாக்டர் காட்டிய காரணம் எனக்குப் புரிகிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நுவரெலியா_தோட்டம்

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் பட்டனா என்று சொல்லும் புல்வெளிகள் உண்டு. ஊவா பக்கம் காய்ந்த பட்டனாவில் மானாப்புல். ஹோட்டன் சமவெளி போன்ற உயரத்தில் ஈரப் பட்டனா, அங்கேயும் நீங்கள் சொல்லும் கிரைசோபோகன்தான். மண்ணும் அதே மாதிரி கறுப்பு, அதே மாதிரி அமிலம்.

என் கேள்வி வேறு. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் கைவிட்ட தேயிலை நிலத்தில் மாட்டுக்குப் புல் வைக்கப் பார்க்கிறோம். பல காலமாக அமோனியம் சல்பேட் போட்ட மண். பி.எச். 4-ஐ ஒட்டி இருக்கிறது. புல் நட்டால் மஞ்சளித்துப்போகிறது. தேயிலை அதே மண்ணில் செழிப்பாக நின்றதே, புல் ஏன் நிற்கவில்லை?

மண்ணியல்_கோவை

தேயிலை அலுமினியத்தை விரும்பி எடுத்து முதிர்ந்த இலைகளில் சேர்த்து வைக்கும் செடி. 4.5 முதல் 5.5 வரை அதற்கு வசதியான இடம். அதற்குப் பொருந்தியதை வைத்துப் புல்லுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உரத்தின் பங்கும் பெரியது. 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும் என்பது வேளாண் பாடப்புத்தகக் கணக்கு. யூரியாவுக்கு அது 80 கிலோ அளவு. பல பத்தாண்டு இப்படிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1856 முதல் நடக்கும் பார்க் கிராஸ் பரிசோதனையே சாட்சி. உரம் எதுவும் போடாத பாத்திகளில் முப்பதுக்கும் மேல் இனங்கள் கலந்து நிற்கின்றன. சுண்ணாம்பு இல்லாமல் அமோனியம் சல்பேட் மட்டும் வாங்கிய பாத்திகளில் பி.எச். 4-க்கும் கீழே போய், விரல்விட்டு எண்ணும் இனங்கள்தான் மிச்சம். மண்புழு போனது, மக்காத சருகு மேலே மெத்தையாகக் கட்டிக்கொண்டது. அது மலை இல்லை, சமவெளிப் புல்தரை. ஆனாலும் குந்தா மேட்டில் தம்பி பார்த்த அதே சருகு மெத்தைதான்.

உங்கள் நிலத்தில் சுண்ணாம்பு அவசியம். பயிர் நின்ற நிலம், காப்பாற்ற மலைப்புல் அங்கே இல்லை. நடுவதற்கு முன் மண்ணில் கலந்துவிட முடிகிற இடம் என்பதால் பலனும் சீக்கிரம் தெரியும். ஆனால் பி.எச். எண்ணை மட்டும் வைத்து அளவு கேட்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் "சுண்ணாம்புத் தேவை" என்று தனியாக ஒரு தாங்கல் கரைசல் சோதனை உண்டு. மக்கு நிறைந்த மண்ணில் அதுதான் சரியான அளவைச் சொல்லும்.

வேல்ஸ்_வாசி

நிலத்தை உழாமல் புல்லின் மேல் தூவினால் சுண்ணாம்பு மிக மெதுவாகத்தான் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே மலைமேல் தூவியவர்கள் மேல் இரண்டு அங்குலத்தில் நல்ல எண்ணையும் அதற்குக் கீழே பழைய எண்ணையும்தான் பல வருஷம் பார்த்தார்கள். ஜார்ஜ் ஸ்டேபிள்டன் அபெரிஸ்ட்வித்தில் 1919-இல் ஆரம்பித்த பயிர்ப்பெருக்க நிலையம்தான் இந்த மலைகளில் சுண்ணாம்பு, பாஸ்பேட், கிளோவர் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பரப்பியது. மூன்றில் ஒன்றை விட்டாலும் வேலை செய்யாது. மேய்ச்சலையும் சுண்ணாம்பையும் நிறுத்திய இடங்களில் பழைய புல் திரும்பி வந்துவிட்டது.

கறவைமாடு_குந்தா

அப்படியானால் நான் புரிந்துகொண்டது: பள்ளம் வேலி, மேற்கு ஓரத் திட்டு தொடுவதில்லை. மேட்டில் மீதி இருக்கும் பெரணியை என்ன செய்வது? அப்புறம் சரிவில் வாசல் பக்கம் மாடு அதிகம் நடக்கும் இடத்தில் கிளோவர் போய், மண் இறுகி, கோரை ஒன்றிரண்டு தலைகாட்டுகிறது. அங்கே தண்ணீர் தேங்குகிற பள்ளம்கூட இல்லையே?

மண்ணியல்_கோவை

வாசல் பக்கம் இருப்பது குளம்பு செய்த சதுப்பு. ஈர மண்ணை மாடு மிதிக்கும்போது பெரிய துளைகள்தான் முதலில் நசுங்கும். காற்று போவது அவற்றின் வழியாகத்தான். மண்ணின் கன அளவில் காற்று நிறைந்த துளை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வேர் திணற ஆரம்பிக்கும் என்பது பொதுவான கணக்கு. மேலே தண்ணீர் தேங்காமலே, நிலம் மேடாக இருந்துமே இது நடக்கும். அங்கே டோலமைட் வேண்டாம். வாசலை இடம் மாற்றுங்கள், மழை நாட்களில் அந்தத் துண்டுக்கு ஓய்வு கொடுங்கள். இறுகிய இடத்தில் கடப்பாரையால் குத்தித் தூக்கிவிட்டுத் தொழு உரம் போடுங்கள். பக்கத்தில் மண்புழு இருப்பதால் அது தானாக வந்து மீதியைச் செய்யும். சரிவில் உழ வேண்டாம். இந்த மழைக்கு மண் நிற்காது.

பெரணியை, இலை முழுதாக விரிந்தவுடன் வெட்ட வேண்டும். கிழங்கில் சேர்த்த மாவுச்சத்து இலை விரியச் செலவாகி அப்போது மிகவும் குறைந்திருக்கும். ஒரே பருவத்தில் இரண்டு தடவை, விடாமல் சில வருஷம். வெட்டிய சருகை வாரி மாட்டுக்கொட்டகைக்குப் படுக்கையாகவும் போடாதீர்கள், மாடு தின்றுவிடும். ஓரமாகக் குவித்து மக்கவிடுங்கள். சருகு மெத்தை போன இடத்தில்தான் முதல் சுண்ணாம்பு. அதுவும் சரிவை ஒட்டிய கீழ்ப்பாதியில் மட்டும் ஆரம்பியுங்கள். பாஸ்பரசும் சேர்த்துக் கொடுத்தால் கிளோவர் மேலே ஏறும். கிளோவரின் வேர் முடிச்சுப் பாக்டீரியாவுக்கு அமிலம் ஆகாது, அதற்கு வேண்டிய மாலிப்டினம் என்ற நுண்சத்தும் அமில மண்ணில் கிடைக்காது. சுண்ணாம்பு இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்யும். இலக்கு 5.5 போதும். 6.5-க்கு மேல் இழுத்தால் போரானும் மாங்கனீசும் கிடைக்காமல் போகும், பணமும் வீண்.

சோலைப்புல்

கீழ்ப்பாதியில் மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மேற்குத் திட்டுக்கும் அதற்கும் நடுவே சில அடி இடம் விடுங்கள், காற்றில் தூள் அந்தப் பக்கம் போகும். தூவுவது காற்று அடங்கிய காலையில் இருக்கட்டும்.

கறவைமாடு_குந்தா

சரி அண்ணா. அக்கா, மாதிரி திரும்ப எடுக்கப் போகிறேன். எப்படி எடுக்க?

மண்ணியல்_கோவை

மேட்டின் கீழ்ப்பாதி ஒன்று, சரிவு ஒன்று, தனித்தனிப் பையில். சருகை விலக்கிவிட்டு மண் தொடங்கும் இடத்திலிருந்து நான்கு அங்குலம் வரை. ஒவ்வொரு துண்டிலும் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலக்கலாம், ஆனால் துண்டு விட்டுத் துண்டு கலக்கக் கூடாது. சாணம் கிடந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். பையின் மேல் "சுண்ணாம்புத் தேவையும் பார்க்கவும்" என்று எழுதிக் கொடுங்கள்.

பள்ளத்து மண்ணுக்குச் சுண்ணாம்பு போடப்போவதில்லை என்பதால் பரிசோதனையே தேவையில்லை. ஆர்வத்துக்காகப் பார்க்க விரும்பினால், காற்றுப் புகாத பையில் தண்ணீரோடு அடைத்து அன்றைக்கே கொடுத்து, ஈரமாகவே அளக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக மண்ணை நிழலில் உலர்த்தித்தான் அளப்பார்கள். உலரும்போது காற்றுப் பட்டு எண் இறங்கிவிடும். இரண்டு விதமாகவும் அளந்தால் எண்களை இங்கே போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.